திருகோணமலையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவக் காப்புறுதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளி தொடக்கம் வெருகல் வரை, ஊர்க்கூட்டங்களிலும் கிளினிக் வரிசையிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள் இவை. பாதி, பொதுச் சுகாதாரத்தை யார் நடத்துகிறார்கள் என்பது பற்றியது. மற்றப் பாதி, வருத்தம் வந்தால் காசுக்கு என்ன வழி என்பது. கொடுப்பனவுத் தொகைகள் சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறுகிறவை. ஆகவே யாருக்கு உரிமை, எந்த வழி என்பதையே இங்கே கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன்.

குப்பை, நுளம்பு, பழுதான கடைச் சாப்பாடு, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. எதற்கு எங்கே போவது?

குப்பை அள்ளுவது, வடிகான் துப்புரவு, சந்தை, இறைச்சிக்கடை, மயானம், கடைகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது எல்லாம் உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. நகரத்துக்குள் என்றால், இத்தனை காலம் நகரசபை என்று சொல்லிப் பழகிய இன்றைய மாநகர சபை. கிண்ணியாவில் நகரசபை, பிரதேச சபை இரண்டும் உண்டு. மற்ற ஊர்களுக்குப் பிரதேச சபை.

தடுப்பூசி, கர்ப்பிணித்தாய் கிளினிக், தொற்றுநோய், உணவுப் பரிசோதனை என்று வந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. எல்லோரும் சொல்கிறபடி எம்.ஓ.எச். ஒபிஸ். இந்த அமைப்பு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் (பீ.எச்.ஐ.) குடும்பநல உத்தியோகத்தரும் இந்தப் பணிமனையோடு சேர்ந்தவர்கள். அதற்கு மேலே பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். கிழக்கில் மாவட்டம் மூன்று என்றாலும் சுகாதாரப் பிராந்தியம் நான்கு: திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை. அதற்கும் மேலே மாகாணப் பணிப்பாளர்.

ஆஸ்பத்திரி மருந்துத் தட்டுப்பாடு இந்த இரண்டிலும் சேராது. சில ஆஸ்பத்திரிகள் கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் கீழும், மற்றவை மாகாணத்தின் கீழும் இருக்கின்றன. உங்கள் ஆஸ்பத்திரி எதன் கீழ் என்பதை அதன் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாகாணத்துக்குப் போகவேண்டிய கடிதம் கொழும்புக்குப் போனால், பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

சாப்பாட்டுக் கடையில் புழு இருந்தது. பீ.எச்.ஐ.யிடம் சொன்னால் ஏதாவது நடக்குமா?

நடக்கும், ஆனால் சொல்லும் விதத்தில் சொல்ல வேண்டும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி அவர் கடைக்குள் போய்ப் பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், மனித பாவனைக்கு ஒவ்வாத உணவைக் கைப்பற்றலாம், நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். வழக்குக்குச் சான்று வேண்டும். இரண்டு நாள் கழித்துச் சொன்னால் அந்தச் சாப்பாடு எங்கே இருக்கும்? அன்றைக்கே சொல்லுங்கள், மிச்சத்தைக் கொட்டாமல் வைத்திருங்கள், பற்றுச்சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். முகநூலில் படம் போட்டுவிட்டு அடுத்த வாரம் பீ.எச்.ஐ.யைத் தேடுகிறவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம்.

இன்னொன்று, கடையின் வருடாந்த அனுமதிப்பத்திரத்தை உள்ளூராட்சி மன்றம்தான் புதுப்பிக்கிறது. முறைப்பாட்டின் பிரதி ஒன்றை அங்கும் கொடுங்கள். நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பருவத்தில் மட்டும் திறக்கும் கடைகளுக்கு இது நன்றாக வேலை செய்யும்.

எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு. பீ.எச்.ஐ. வந்து வளவு முழுக்கப் பார்க்கிறார். நாங்கள் என்ன குற்றவாளிகளா?

இல்லை. டெங்கு என்று சந்தேகம் வந்தாலே வைத்தியர் எம்.ஓ.எச்.சுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். 1897இலிருந்து உள்ள தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த நடைமுறை அது. அறிவித்தல் கிடைத்ததும் அவர் வந்தே ஆகவேண்டும். நீங்கள் தனியார் வைத்தியரிடம் காட்டியிருந்தாலும் அந்த அறிவித்தல் போக வேண்டும். போகாவிட்டால் உங்கள் தெருவில் நோய் இருப்பது பணிமனைக்குத் தெரியவே தெரியாது.

2017ஐ கிண்ணியா மறக்காது. நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்ட ஆண்டு அது. ஆண்டின் தொடக்கத்திலேயே அடி விழுந்த இடங்களில் ஒன்று கிண்ணியா. மார்ச்சில் ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் போனது, பிள்ளைகளும் பெரியவர்களும் இறந்தார்கள். எங்கள் பக்கம் வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கும். மழை விட்டு, தேங்கிய தண்ணீர் மிஞ்சும் மார்கழி, தை, மாசி மாதங்களில்தான் நுளம்பு பெருகுகிறது. மேல் மாகாணத்தை மனதில் வைத்து ஆனி, ஆடியில் நடத்தும் ஒழிப்பு வாரத்துக்காகக் காத்திருந்தால் எங்களுக்குப் பயனில்லை.

தேங்காய்ச் சிரட்டை, டயர் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கரையோரத்தில் கவனிக்காமல் விடுவது வேறு: கரையில் ஏற்றிக் கிடக்கும் படகு, பாவிக்காத கிணறு, பாதியில் நின்ற கட்டடத்தின் கொங்கிரீட் தட்டு, வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடு. பூட்டிய வீடென்றால் கிராம சேவகரையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேளுங்கள். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆள் இல்லை என்பதால் வளவுச் சொந்தக்காரரின் பொறுப்பு இல்லாமல் போகாது.

சபைக் கூட்டத்தில் சுகாதார விடயம் பேசுகிறார்கள். நாங்கள் போய் இருந்து கேட்கலாமா?

கேட்கலாம். உள்ளூராட்சி சபை மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும், கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. பேச விடமாட்டார்கள், அது உறுப்பினர்களுக்கு உரியது. பேச வேண்டுமென்றால் உங்கள் வட்டார உறுப்பினரைப் பிடித்து ஒரு பிரேரணையாகக் கொண்டுவரச் செய்யுங்கள். பிரதேச சபைச் சட்டத்தின்படி சுற்றாடலுக்கும் வாழ்க்கை வசதிகளுக்கும் என்று தனிக்குழு ஒன்று உண்டு. சபைக் கூட்டத்தில் கைதட்டு வாங்கும் பேச்சைவிட அந்தக் குழுவில் எழுதப்படும் இரண்டு வரி அதிக வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

எழுத்தில் பதில் வேண்டுமா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். “ஏன் எங்கள் ஊருக்கு ஒன்றும் செய்யவில்லை” என்று கேட்டால் பதில் வராது. “எங்கள் பிரிவுக்கு அனுமதிக்கப்பட்ட குடும்பநல உத்தியோகத்தர் பதவிகள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, வெற்றிடம் எந்தத் திகதியிலிருந்து” என்று கேளுங்கள். பதில் வரும்.

மாகாண சபையே இல்லையே, பிறகு யாரிடம் கேட்பது?

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரின் கீழ், செயலாளர்களும் பணிப்பாளர்களும் நடத்துகிறார்கள். சுகாதாரம் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் மாகாணத்துக்குக் கிடைத்த விடயம். ஆனால் வாக்கு வாங்கிப் போய் அதற்குப் பதில் சொல்லும் சுகாதார அமைச்சர் மாகாணத்தில் இல்லை. இது சின்ன விடயமில்லை. ஒரு வார்டுக்குத் தாதியரைக் கூட்டுவதா, ஒரு கிளினிக்கை மூடுவதா என்ற முடிவுகள் கோவைகளுக்குள் நடந்து முடிகின்றன.

எங்களுக்கு ஒரே ஒரு வசதி, மாகாணத் தலைமையகம் இங்கேயே இருப்பது. பொத்துவிலில் இருப்பவர் ஒரு நாளைச் செலவழித்து வரவேண்டிய பணிமனைக்கு நாங்கள் பஸ்ஸில் போய்விட்டு மதியத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இதற்கு வெளியே மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்கள் உண்டு, பாராளுமன்ற உறுப்பினர்கள் அங்கே வருவார்கள். ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுக்களில் ஊர்ப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. உங்கள் ஊரில் அந்த இடம் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். சில இடங்களில் பத்து வருடமாக அதே ஆள்தான்.

ஆஸ்பத்திரி இலவசம். பிறகு எதற்குக் காப்புறுதி?

இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணங்கள் 1951இல் நீக்கப்பட்டன. இடையில் 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கத் தொடங்கி, 1977இல் அதையும் நிறுத்தினார்கள். வார்டில் கட்டில், வைத்தியர், சத்திரசிகிச்சை, பெறுமாதத் தாய்க்குப் பிரசவம், எல்லாம் இன்றைக்கும் காசில்லாமல்தான். இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் நாட்டின் சுகாதாரச் செலவில் ஐந்தில் இரண்டு பங்களவு சனங்களின் சொந்தக் காசு. அது எங்கே போகிறது என்று எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பட்டியல்தான். இரத்தப் பரிசோதனை “வெளியில் எடுத்து வாங்கோ” என்பார்கள். ஸ்கேனுக்குத் திகதி தூரத்தில் கிடைக்கும், பொறுக்க முடியாமல் தனியாரிடம் போவோம். மருந்தில்லாமல் துண்டை எழுதித் தருவார்கள். விசேட வைத்தியரைச் சனல் பண்ணுவோம், அதாவது தனியாரில் காசு கட்டிக் காட்டுவோம். அதற்கு மேல் போக்குவரத்து. மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ மகரகமவுக்கோ மாற்றினால் நோயாளிக்கு அங்கே கட்டில் இலவசம். கூடப் போகிறவருக்குத் தங்குமிடம், சாப்பாடு, வான் கூலி, இழந்த நாட்கூலி எல்லாம் கைக்காசு. மூதூரிலோ ஈச்சிலம்பற்றிலோ கூலிக்குப் போகிற ஒரு குடும்பத்தை வைத்தியர் கட்டணம் கடனாளியாக்குவதில்லை, அந்த வான் கூலிதான் ஆக்குகிறது.

காப்புறுதி பற்றிப் பேசும்போது இதை மனதில் வையுங்கள். பெரும்பாலான காப்புறுதி, வார்டில் தங்கிய செலவைத் தரும். எங்கள் செலவில் பெரும்பகுதி வார்டுக்கு வெளியே நடக்கிறது.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காப்பீட்டு அட்டை கொடுக்கிறார்களாமே. எங்களுக்கு ஏன் இல்லை?

அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடையாது, வருமான வரம்பு உண்டு. 2009இல் தொடங்கி, 2012இல் புது வடிவம் எடுத்த திட்டம் அது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் இந்திய ரூபா வரை, அட்டையைக் காட்டி அரசு மருத்துவமனையிலோ பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலோ சிகிச்சை பெறலாம். அங்கே அரசாங்கம் காப்புறுதியை வாங்கிக் கொடுக்கிறது. இங்கே அரசாங்கம் வரிப்பணத்தில் ஆஸ்பத்திரியை நேரடியாக நடத்துகிறது. வழி வேறு.

அந்த அட்டையை அப்படியே திருகோணமலைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அட்டையைக் காட்டப் பெரிய தனியார் ஆஸ்பத்திரி இங்கே எத்தனை? கொழும்புக்குத்தான் போகவேண்டும், திரும்பவும் அதே வான் கூலி. காப்புறுதியை விரிவாக்குங்கள் என்று கேட்கிறவர்கள், எங்கள் மாவட்டத்தைப் பொறுத்தவரை, சேர்த்துக் கேட்க வேண்டியவை வேறு: வெளிநோயாளர் பரிசோதனையும் மருந்தும் காப்புறுதிக்குள் வருவது, இடமாற்றப் பயணச் செலவு வருவது, இங்கேயே ஸ்கேனும் விசேட வைத்தியரும் நிலையாக இருப்பது.

சரி, ஏற்கெனவே எங்களுக்கு என்ன காப்புறுதி இருக்கிறது?

நினைப்பதைவிடக் கூட. வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள், யார் படிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அரச, மாகாண அரச ஊழியர் என்றால் அக்ரஹார என்ற காப்புறுதி. 1997இல் தொடங்கியது, இப்போது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. சம்பளத்தில் மாதாமாதம் கழிபடும். சம்பளத் துண்டைப் பாருங்கள், சாதாரணமா, வெள்ளியா, தங்கமா என்று. வகைக்கேற்பக் கொடுப்பனவு கூடும். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் சேர்வார்கள், மணமாகாதவர் என்றால் பெற்றோர். பலருக்குத் தெரியாத ஒன்று, அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் தங்கிய நாட்களுக்கும் நாளாந்தக் கொடுப்பனவு உண்டு. பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்துவிட்டு, செலவே இல்லையே என்று விண்ணப்பிக்காமல் விடுகிற ஆசிரியர்கள் எத்தனை பேர்!

பள்ளிப் பிள்ளைகளுக்கு சுரக்ஷா என்ற காப்புறுதி. 2017இல் கல்வி அமைச்சு தொடங்கியது. தொடக்கத்தில் ஒரு மாணவருக்கு 2 இலட்சம் ரூபா வரையான வைத்தியக் காப்புறுதி என்று அறிவித்தார்கள். பிறகு சில காலம் நின்று, 2024இல் திரும்ப ஆரம்பித்தது. விபத்துக்கும், குறைந்த வருமானக் குடும்பத்தில் பெற்றோர் இறந்தாலும் இதில் இடம் உண்டு. கட்டணம் எதுவும் நீங்கள் கட்டுவதில்லை. விண்ணப்பம் அதிபர் ஊடாகப் போகும்.

தனியார் கம்பனி, ஹோட்டல், ஆலை வேலை என்றால் ஈ.டி.எவ்., அதாவது ஊழியர் நம்பிக்கை நிதியம். உங்கள் சம்பளத்தில் கழிக்காமல் முதலாளி தன் பக்கத்திலிருந்து 3 சதவீதம் கட்டுகிறார். வேலையை விட்டபின் எடுக்கிற காசு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இருதயச் சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண் வில்லை, ஆஸ்பத்திரியில் தங்கியது என்று வைத்திய உதவிகளும் அதே நிதியத்தில் உண்டு. முதலாளி ஒழுங்காகக் கட்டினால்தான் கிடைக்கும். சாதாரண நாளிலேயே அதைச் சரிபார்த்துவிடுங்கள், ஆபரேஷன் திகதி வந்தபின் பார்ப்பது காலங்கடந்தது.

இதில் ஒன்றிலும் சேராதவர்கள்? மீன்பிடி, கமம், கூலி, சின்னக் கடை?

மாவட்டத்தில் பெரும்பாலானவர்கள் இவர்கள்தான், காப்புறுதி எட்டாததும் இவர்களைத்தான். விவசாயிக்கு 1987இலிருந்தும் மீனவருக்கு 1990இலிருந்தும் ஓய்வூதியத் திட்டங்கள் இருக்கின்றன, ஆனால் அவை வைத்தியச் செலவுக்கானவை அல்ல. சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதாந்தக் கொடுப்பனவு உண்டு, பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய் கூட இருப்பதால் அங்கே இதை அறிந்திருக்கிறார்கள், வெருகலிலும் குச்சவெளியிலும் அவ்வளவாக இல்லை.

பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. முன்பு இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டும். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். இது உரிமையாகக் கிடைக்கும் காப்புறுதி இல்லை, வருமானத்தையும் நோயையும் பார்த்துத் தரும் உதவி. திகதி குறித்தவுடனேயே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.

ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்து மருத்துவக் காப்புறுதி எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

மாதாமாதம் விடாமல் கட்ட முடியும் என்றால் எடுக்கலாம். பிடிபடும் மீனைப் பொறுத்து வருமானம் மாறுகிற கடற்தொழில் வீடுகளில், மூன்றாம் மாதம் கட்டணம் நின்று காப்புறுதியும் போய், கட்டின காசும் போனதைத்தான் கூடக் கண்டிருக்கிறேன். உங்கள் அறுவடை மாதத்தில் வருடத்துக்கு ஒரு தடவை கட்ட வழி உண்டா என்று கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன் இவற்றையும் கேளுங்கள். எத்தனை மாதம் காத்திருந்தபின் காப்புறுதி தொடங்கும்? ஏற்கெனவே இருக்கிற சீனி, பிரஷர் வருத்தங்கள் சேருமா? அரசாங்க வார்டில் இருந்தாலும் நாளுக்கு ஏதாவது கிடைக்குமா? கிளினிக் மருந்துக்குத் தருவார்களா? ஆஸ்பத்திரிக்கு நேரே கட்டுவார்களா, நாங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்குவதா? கடைசிக் கேள்வி முக்கியம். கையில் காசிருந்தால்தானே முதலில் கட்டலாம்.

படிவத்தை ஏஜென்ட் நிரப்பி, நீங்கள் கையெழுத்து மட்டும் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை விடுங்கள். “சீனி வருத்தம் இல்லை என்றே போடுவம், பிரச்சினை வராது” என்று அவர் சொன்னால், பிரச்சினை காசு கேட்கும் நாளில் வரும், அன்றைக்கு அவர் இருக்கமாட்டார். தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்கி, வாசித்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி வந்தும் காசு தர மறுத்துவிட்டார்கள்.

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை வைத்து எங்கும் போக முடியாது. முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு. அங்கே சரிவராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி, கட்டணம் இல்லை. கம்பனிகளைக் கண்காணிப்பது 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, அதற்கும் எழுதலாம். அக்ரஹார என்றால் உங்கள் திணைக்களம் ஊடாக மேன்முறையீடு.

எந்தெந்தக் கடதாசியை வைத்திருக்க வேண்டும்?

டிஸ்சார்ஜ் பண்ணும்போது தரும் நோய் நிர்ணய அட்டை. அதுதான் எல்லாவற்றுக்கும் தாய். பெயர், அடையாள அட்டை இலக்கம், சேர்த்த திகதி, விட்ட திகதி சரியா என்று வார்டை விட்டு வெளிக்கிடும் முன்பே பாருங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவிதமாக எழுதுவார், அடையாள அட்டையில் வேறுவிதமாக இருக்கும். அந்த ஓரெழுத்துக்காகத் திரும்பி வந்த விண்ணப்பங்கள் கணக்கில்லை. பிறகு கிளினிக் கொப்பி, வெளியில் மருந்து வாங்கச் சொல்லி எழுதித் தந்த துண்டு, அதற்கான பற்றுச்சீட்டு, பரிசோதனை அறிக்கை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி. பாமசிப் பற்றுச்சீட்டின் மை சில மாதத்தில் மங்கிப் போகும், வாங்கிய அன்றே போனில் படமெடுத்துவிடுங்கள். அட்டை நனைந்தோ தொலைந்தோ போயிருந்தால் ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறையில் கேட்கலாம், திகதி தெரிந்திருந்தால் தேடித் தருவார்கள்.

படிவம் சிங்களத்தில் மட்டும் இருக்கிறது என்கிறார்கள்.

தமிழும் அரசகரும மொழி. தமிழில் கேட்கவும் தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு. அமைதியாகக் கேட்டால் மேசை லாச்சிக்குள்ளிருந்து தமிழ்ப் படிவம் பெரும்பாலும் வரும். இல்லையென்றால் தமிழில் ஒரு கடிதத்தை எழுதி, பதிவுத்தபாலில் போடுங்கள்.

இரவில் அவசரம். அம்புலன்சுக்குக் காசு வேண்டுமா?

வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய என்ற அம்புலன்ஸ் வரும், இலவசம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை 2019இல் கிழக்குக்கும் வந்தது. தமிழில் பேசலாம். உங்கள் ஒழுங்கைக்குப் பெயரில்லை என்றால் அருகிலுள்ள கோயில், பள்ளிவாசல், பாடசாலையைச் சொல்லி, ஒரு ஆளை டோர்ச்சோடு பிரதான வீதிக்கு அனுப்புங்கள். பக்கத்திலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள், நீங்கள் விரும்பும் தனியார் இடத்துக்கு இல்லை. நோயாளியின் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.